ரஹ்மத்துன்னிசா எழுதாத அத்தியாயங்கள்

அந்தப் பெண் நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்த நேரத்தில் சண்முகப்பிரியா திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். திட்டு என்றாலும் உமாராணி குரலை உயர்த்துகிறவர் இல்லை. இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது துப்பறியும் ஏஜென்சி நடத்துகிறவர்; பிரியா அவருடைய உதவியாள். சந்தேகக் கைதியிடம் பேசிப் பழகிய அதே நிதானத்தில்தான் இப்போதும் எல்லாரிடமும் பேசுவார்.

"மூணு மாப்பிள்ளைய விசாரிச்சுட்டு வந்து மூணு ரிப்போர்ட் குடுத்திருக்க. மூணு பேரும் பொறுப்பானவன், பாசமானவன், எதிர்காலத்தப் பத்தித் தெளிவா இருக்கவன். ஏட்டி, இதுல எவன் இலஞ்சி ஊர்க்காரன், எவன் அந்த வாய் திக்குத பையன்?"

பிரியாவுக்கு முகம் சூடானது. அலைந்து திரிந்து விசாரித்தது அவள்தான். எழுதியது அவள் இல்லை. போனில் இருக்கும் ஏஐயிடம் நாலு குறிப்பைக் கொடுத்தால் பஸ் தென்காசியைத் தாண்டுவதற்குள் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொள்வாள். மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். இன்னும் நாலு ரிப்போர்ட் எழுதுகிறோம் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

வந்த பெண் தயங்கி நின்றாள். சாரல் காலம் வந்துவிட்டால் உமாராணிக்கு இந்தப் பின்பக்க அறைதான். லாட்ஜ் அவருடைய தம்பியுடையது. அருவிக்குக் கூட்டம் வரத் தொடங்கியதும் தெருவைப் பார்த்த அறையை வாடகைக்கு விட்டு, அக்காளின் மேசையை இங்கே தூக்கிப் போட்டுவிடுவான். ஜன்னலுக்கு வெளியே எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெஞ்சில் வரிசையாகக் குந்தியிருக்கும் ஆண்களின் முதுகுகள் தெரியும். பிரியா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"எம் பேரு ரஹ்மத்துன்னிசா. தென்காசி" என்றாள் வந்தவள்.

பிரியா சாத்திய ஜன்னலில் கையை வைத்தபடியே திரும்பினாள். "கதை எழுதுத ரஹ்மத்துன்னிசாவா? மிஸ்ரியா கதை?"

நாற்பதை ஒட்டிய அந்த முகத்தில் சந்தோஷம் வரவில்லை. யாரோ தன் மேல் குற்றம் சாட்டியதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரியா தினமும் பஸ்ஸில் படிக்கும் தொடர்கதை அது. புருஷன் விட்டுப் போன பிறகு, மாமியாரோடும் நாத்தனாரோடும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே, புளியறையில் லாரிகள் நிற்கும் இடத்தில் சாப்பாட்டுக் கடை போடுகிறாள் மிஸ்ரியா. கதை படிக்கும் செயலி ஒன்றில் நாளுக்கு ஒரு அத்தியாயம் வந்துகொண்டிருந்தது.

ரஹ்மத்துன்னிசா மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். போன வருஷம் அந்தச் செயலிக்காரர்கள் எழுதுகிறவர்களுக்கென்று ஏஐ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கதைக்கு வழி கேட்டால் நொடியில் நாலு வழி சொல்லும். நன்றாக இருக்கிறது என்று பாராட்டவும் செய்யும். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு தொடர் எழுதியவள் மூன்று தொடர் எழுதினாள். அப்புறம் ஒரு நாள் காலையில் உட்கார்ந்தாள், மிஸ்ரியாவுக்கு அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு ஆசை வரவில்லை. அவ்வளவுதான், எழுத்து நின்றுவிட்டது. மற்ற இரண்டு தொடரையும் முடித்துக் கழித்தாள். மிஸ்ரியாவை முடிக்க மனம் வரவில்லை, தொடரவும் முடியவில்லை.

"ஆனா மூணு வாரமா தினமும் வருதே, நான் படிக்கேனே" என்றாள் பிரியா.

"அத நான் எழுதல."

செயலியில் ஒரு வசதி உண்டாம். எழுத்தாளர் சம்மதித்திருந்தால், அத்தியாயம் வராத நாளில் ஏஐயே எழுதிப் போட்டுவிடும். அவள் எப்போதோ சம்மதம் கொடுத்திருந்தாள். அதனால் அதுதான் எழுதுகிறது என்று சும்மா இருந்தாள். கதையோ முன்னைவிட நன்றாகப் போயிற்று. வாசகர்கள் கொண்டாடினார்கள். ஒரு அத்தியாயத்தில் மிஸ்ரியா வீட்டுப் பெண்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். மிஸ்ரியா சமைத்து முடித்துக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். எச்சில் பாத்திரத்தைத் தொடவில்லை. சமைத்தவளுக்குக் கழுவும் வேலை கிடையாது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்க் கழுவுகிறாள். அதைப் படித்துவிட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினார்கள், எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மிஸ்ரியா வேண்டும் என்று.

"எனக்கு இது தோணவே இல்ல மேடம். இத்தன வருஷம் அடுப்படியில நிக்கேன், எனக்குத் தோணல. ஒரு மிஷினுக்குத் தோணிருக்கு."

உமாராணி மேசையிலிருந்த நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"அதையும் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் ஒரு அத்தியாயம் வந்துது. மிஸ்ரியாவோட வாப்பா மவுத்தாகல, புனலூர்ல உசுரோட இருக்காருன்னு. அது நான் மனசுல வச்சிருந்த விஷயம். கதைய ஆரம்பிக்கும்போதே யோசிச்சு வச்சது. எங்கயும் எழுதல, அந்த ஏஐட்டயும் சொல்லல. எப்படித் தெரிஞ்சுது அதுக்கு?"

அவள் கைகள் புர்க்காவின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தன. செயலிக்காரர்கள் கதையைப் புத்தகமாகப் போடப்போகிறார்கள். கதை முழுக்கத் தன்னுடையது என்று அவள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடவா வேண்டாமா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவளை அரித்தது.

"எம் மனசு என்னையவிட அதுக்கு நல்லாத் தெரியும்னா, நான் எதுக்கு மேடம் எழுதணும்? அதுதான் எழுதிச்சுன்னு நீங்க சொல்லிட்டா இதோட நிறுத்திக்கிடுதேன். எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

"வாப்பா விஷயத்த யாருட்டயாவது சொன்னீங்களா?"

"யாருட்டயும் சொல்லல."

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

அவளும் நாத்தனார் ஹாஜரா பீவியும்தான். கணவர் முகம்மது சலீம் சவூதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். செயலியில் அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் அவர்தான். இல்லாவிட்டால் அவள் கதைகள் இன்னும் பழைய கேலண்டர்களின் பின்பக்கத்திலேயே இருந்திருக்கும்.

அவள் போனதும் பிரியாவால் உட்கார முடியவில்லை. ஏஐயேதான், சந்தேகமே இல்லை என்றாள். பழைய அத்தியாயங்களில் ஏதோ ஒரு வரியை வைத்து அது ஊகித்திருக்கும். உமாராணி மறுக்கவில்லை. சோதித்துப் பார்க்கச் சொன்னார். பிரியா ரஹ்மத்துன்னிசாவிடம் கேட்டு அதே ஏஐக்குள் நுழைந்து, அவள் கைப்பட எழுதிய கடைசி அத்தியாயத்திலிருந்து கதையைத் தொடரச் சொன்னாள். எழுதித் தந்தது. மிஸ்ரியா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துப் புதிய நம்பிக்கை பெற்றாள். மாமியார் கண்கலங்கி அவளைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு முறை எழுதச் சொன்னாள். நாத்தனார் கண்கலங்கினாள்.

"உன் மாப்பிள்ளைகள் மாதிரியே இருக்காங்க" என்றார் உமாராணி.

ரஹ்மத்துன்னிசா எழுதாத அந்த மூன்று வார அத்தியாயங்களை உமாராணி தாளில் அச்செடுக்கச் சொல்லி, அன்று முழுக்க அந்த எண்ணெய் வாசனைக்குள் உட்கார்ந்து படித்தார். பிரியாவுக்கு விசித்திரமாக இருந்தது. ஏற்கெனவே பஸ்ஸில் படித்ததைத் தாளில் படிக்கும்போது, இது ஒரே குரல் இல்லையோ என்று அவளுக்கே தோன்றியது. கடை வியாபாரம் வரும் இடங்கள் நிதானமாக இருந்தன. புளியறை செக்போஸ்டில் வண்டி நிற்கும் இடங்களில் மட்டும் வாக்கியங்கள் வேறு மாதிரி ஓடின. லோடு கனத்தால் மலை இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைப் பிடித்து வரும் ஒரு டிரைவர், கீழப்பாவூர் நரசிம்மரை வேண்டிக்கொண்டே இறங்குகிறான். ரஹ்மத்துன்னிசாவின் பழைய அத்தியாயங்களில் லாரி என்றால் வெறும் லாரிதான். அது நிற்கும், போகும்.

அடுத்த நாள் சங்கரேஸ்வரியைப் பார்க்கப் போனார்கள். செயலிக்கு இந்த வட்டாரத்துப் பதிப்பாசிரியர் அவள். ஐந்தருவிச் சாலையில் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்தாள். விட்ட கதையை அவளே எழுதித் தொடரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிரியா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதைக் கேட்டதும் சங்கரேஸ்வரி சிரித்துவிட்டாள். எழுதத் தெரிந்திருந்தால் ஏன் அடுத்தவர் கதையைத் திருத்திக்கொண்டு இருக்கிறேன் என்றாள். நாற்பது எழுத்தாளர்களை அவள் பார்க்கிறாள். ஏஐ வந்த பிறகு ஒவ்வொருவரும் மூன்று மடங்கு அனுப்புகிறார்கள், பிழை கிடையாது, கெடு தவறுவது கிடையாது.

"முன்னால எழுத்தாளர்ட்ட போன் போட்டு, 'ஏங்க, அந்தப் பொண்ணு என்ன ஆவா?'ன்னு கேப்பேன். வேலைக்காக இல்ல, தெரிஞ்சுக்கணும்னுதான். இப்ப முதல் வரியும் கடைசி வரியும் பாத்துட்டு ஏத்திவிட்டுருதேன்" என்று சொல்லிவிட்டு, இதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல வெளியே பார்த்தாள்.

மிஸ்ரியா கதையை மட்டும் இப்போது முழுசாகப் படிக்கிறாளாம். ஒரே ஒரு தொந்தரவு. வெள்ளிக்கிழமை அத்தியாயம் எப்போதும் அளவுக்கு மீறி நீளமாக வரும், வெட்டவேண்டியிருக்கும். மற்ற நாட்களில் குட்டையாக, அவசரமாக முடிந்திருக்கும்.

"மிஷினுக்குக் கிழமை ஏது?" என்று திரும்பும் வழியில் கேட்டார் உமாராணி. அதோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பிரியாவுக்கு இது அவரிடம் பிடிக்காத குணம். முக்கால் வழி கூட்டிப் போய்விட்டுக் கையை விட்டுவிடுவார்.

தென்காசி வீட்டில் ரஹ்மத்துன்னிசா படுத்திருந்தாள். ஹாஜரா பீவி அடுப்படியில் இருந்தாள். மீன் குழம்பை இறக்கி வைத்தாள், அதே கையோடு குனிந்து மண்சட்டியையும் தட்டுகளையும் விளக்கத் தொடங்கினாள், விளக்கிக்கொண்டே பேசினாள். மைனி, அதாவது அண்ணி, எழுதுவதை அவள் படிப்பதில்லை. கண் வலிக்கும். ஆனால் வீடு இப்போது ஒரு மாதிரி வெறிச்சென்று இருக்கிறது என்றாள். முன்பெல்லாம் துணி காயப்போடும்போதும் மாவு பிசையும்போதும் மைனி தனக்குத்தானே கதை பேசிக்கொண்டே திரிவாள். அந்த ஏஐ வந்த பிறகு வாயே திறப்பதில்லை. உட்கார்ந்து தட்டுகிறாள், அவ்வளவுதான்.

"தனக்குத்தானேயா?" என்றார் உமாராணி.

"ஆமா. கையில போன் இருக்கும். பாட்டு கேக்குதாளோ என்னமோன்னு நெனச்சுக்கிடுவேன்."

வெளியே வந்ததும் பிரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், ஹாஜராதான். மைனி பேசுறத எல்லாம் கேட்டிருக்கா. வாப்பா விஷயம் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவ கைய நீ பாக்கலியா?" என்றார் உமாராணி. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவோம். சங்கரேஸ்வரியையும் வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை மாலை அந்த முன்னறையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். ஹாஜரா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். உமாராணி ரஹ்மத்துன்னிசாவைப் பார்த்து மட்டும் பேசினார்.

"அது மிஷின் எழுதல. முதல்ல அத நிம்மதியாக் கேட்டுக்கோங்க. அது எழுதினா எல்லாரும் சீக்கிரம் நல்லவங்களாயிருதாங்க. இந்த அத்தியாயங்கள்ல யாரும் லேசுல நல்லவங்களாகல. அப்புறம் வாப்பா. நீங்க சொல்லாத ஒண்ண அதால தெரிஞ்சுக்க முடியாது. அப்ப நீங்க யாருட்டயோ சொல்லிருக்கீங்க."

"சத்தியமா யாருட்டயும் சொல்லல மேடம்."

"சொல்லிருக்கீங்க. ஆனா அந்த ஆள்ட்ட சொல்லுதத, சொல்லுததாவே நீங்க நெனைக்கல. அந்த ஆள விட்டுட்டு மத்தவங்களப் பாப்போம். சங்கரேஸ்வரிக்கு வாப்பா விஷயம் தெரிய வழியே இல்ல. ஹாஜராவுக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா அந்தப் பாத்திரம் கழுவுற இடத்த ஹாஜரா எழுதவே மாட்டா. தென்காசியில எந்த வீட்டுல சமைச்சவ கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா, மாமியார் எந்திரிச்சுப் போய் கழுவுதா? அத எழுதினவங்க புரட்சி பண்ணணும்னு எழுதல. அவங்க இருக்க இடத்துல அதுதான் நடைமுறை. இன்னைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை, சமைச்சவன் கழுவ வேண்டாம். அப்படி எங்கன நடக்கும்?"

பிரியாவின் சித்தப்பா மகன் குவைத்திலிருந்து வந்தபோது சொன்னது அவளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. "ரூம்ல" என்றாள். "வெளிநாட்டுல, ஆம்பளைங்க சேந்து தங்குற ரூம்ல."

"அங்க வாரத்துல என்னைக்கு லீவு?"

ரஹ்மத்துன்னிசாவின் உதடுகள் மட்டும் அசைந்தன. வெள்ளி.

"துணி காயப்போடும்போது கையில போன வச்சுக்கிட்டு யாருட்ட கதை பேசுனீங்க?"

"எங்க வீட்டுக்காரவுகட்ட" என்றாள் அவள். "ஒவ்வொரு நாளும் எழுதுததுக்கு முந்தி அவுகளுக்கு வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிருவேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே கதை வரும். வாப்பா விஷயத்தையும் அப்படித்தான் சொல்லிருப்பேன். அவுக 'ம், பொறவு?'ன்னு அனுப்புவாக. அந்த ஏஐ வந்ததும், இனி உங்களத் தொந்தரவு பண்ணல, அது உடனே பதில் சொல்லுதுன்னுட்டேன்." போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அவுகள நான் கணக்குலயே சேக்கல, மேடம்."

"கணக்க அவரே தொடங்கிக் குடுத்தாரு. உள்ள போற வழி அவருக்குத் தெரியும். ஆனா துணிக்கடைக்காரருக்கு மலை இறக்கத்துல கியர் போடுறது எப்படித் தெரியும்? அதுதான் எனக்கு இன்னும் பிடிபடல. கூப்பிடுங்க, கேப்போம்."

போனை மேசையில் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்தார்கள். சலீமின் முகம் வந்தது. அவருக்குப் பின்னால் இரட்டைக் கட்டில்கள், தரையில் விரித்த செய்தித்தாள், அதைச் சுற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள். அறை நிறையப் பெண்களைப் பார்த்ததும் ஒருவர் அவசரமாகச் சட்டையைத் தேடினார்.

ரஹ்மத்துன்னிசா ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்களா எழுதுனீக?"

சலீம் மறைக்கவில்லை. நான் மட்டும் இல்லை என்றார். அவள் அனுப்பும் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் அறையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுவது வழக்கமாம். அதைக் கேட்காமல் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. வாய்ஸ் நின்ற பிறகு செயலியில் படித்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு நாள் வந்த அத்தியாயத்தை அவர் வாசிக்க, ரெண்டாவது வரியிலேயே எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மாமியார் கண்கலங்கினாளாம்.

"மைனி எழுதுன மாமியா அழமாட்டாளே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சலீம் அவரைக் காட்டி, இசக்கிமணி, கீழப்பாவூர், முன்னால் லாரி ஓட்டினவர் என்றார். உமாராணி தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒன்று சொல்லச் சொல்லச் சலீம் எழுதினார். சண்டை வரும். ஒருநாள் காஜா என்பவர் கோபித்துக்கொண்டு சாப்பிடவே இல்லை. அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர் குனிந்து செய்தித்தாளின் ஓரத்தை மடித்தார்.

"நீதான் எங்கள வேண்டாம்னுட்டியே, நிசா. நாங்க எழுதுனா, இது நீ எழுதுனதில்லன்னு உனக்குக் கோவம் வரும், போன் பண்ணுவன்னு பாத்தோம். நீ பாட்டுக்கு மிஷின் எழுதுதுன்னு விட்டுட்ட."

ரஹ்மத்துன்னிசா அழுவாள் என்று பிரியா எதிர்பார்த்தாள். அவள் முகத்தில் வந்தது வேறு. மூன்று வாரமாகத் தன் வீட்டுக்குள் அவளைக் கேட்காமல் யாரோ புழங்கியிருக்கிறார்கள் என்ற எரிச்சல். கோபப்பட்டதும் அவள் பத்து வயது குறைந்தவளாகத் தெரிந்தாள்.

"வாப்பாவ யாரு இவ்வளவு சீக்கிரம் கொண்டுவரச் சொன்னா? கடைசிக்கு முந்தி வரவேண்டிய ஆளு. என் கதையக் கெடுத்து வச்சிருக்கீக."



அவள் சங்கரேஸ்வரியிடம் திரும்பினாள். மூன்று வார அத்தியாயங்கள் தன்னுடையவை இல்லை, அதற்குத் தான் கையெழுத்துப் போடமுடியாது என்றாள். புத்தகத்தில் அந்த அறையில் இருப்பவர்களின் பெயரைப் போடவேண்டும், முடியாதென்றால் புத்தகம் வேண்டாம். சங்கரேஸ்வரி மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். சொன்னவள் உடனே, கேட்க வேண்டியதில்லை என்பதுபோலத் தலையசைத்து, போட வைப்பதாகவும் சொன்னாள். "கடைசி அத்தியாயம் மட்டும் எனக்கு வேணும்" என்றாள். "எப்படி முடியுது?"

"அது என்னுது" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

உமாராணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் வேலை முடிந்திருந்தது. பிரியா எழவில்லை. பஸ் போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. இந்தப் பெண்ணின் தலைக்குள் இப்போது என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்போல இருந்தது.

ரஹ்மத்துன்னிசா போனை நேராக வைத்தாள். ஒரு தடவை தொண்டையைச் செருமினாள்.

"அன்னைக்கு மிஸ்ரியா கடையத் திறக்கல" என்றாள். "வாசல்ல லாரிக்காரங்க வந்து நிக்காங்க. இவ உள்ள இருக்கா. விளக்குப் போடல. சாவி கையிலதான் இருக்கு. ஆனா திறக்கல."

"ஏன் மைனி?" என்றார் இசக்கிமணி.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"தெரியலயே" என்றாள். "இருங்க, யோசிச்சுச் சொல்லுதேன்."

சவூதியில் ஆறு ஆண்களும் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். உமாராணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார்.